கால்நடையாய்க் காண்போம்

கீரனூரிலிருந்து நார்த்தாமலை செல்லும் மாணவர் பலரும் பேருந்தையே நாடுகின்றனர். நெடுஞ்சாலை விரைவிற் கொண்டு சேர்க்கும் என்பது மெய்யே. ஆயினும், கண்மாய்க் கரையும் வயல்வரப்பும் பற்றி நடந்து செல்வோர் பெறும் அறிவு ஏனையோர்க்கு வாய்ப்பதன்று என்பதே எமது துணிபு.

1948 வரை சமஸ்தானமாயிருந்த புதுக்கோட்டை நாட்டில் வற்றாத ஆறு இல்லை, மழையே முதல். ஒரு கண்மாயின் மிகுநீர் கலிங்கு வழியாய் அடுத்ததைச் சேருமாறு முன்னோர் வகுத்தனர். இரு கற்றூண்களுக்கு இடையே அமைந்த குமிழி, வயலுக்கு நீரை அளந்து விடும். இதனை ஏட்டிற் கற்பதினும் கரைமேல் நின்று கற்றல் எளிது. வரத்துக்கால் சீமைக்கருவேல் மண்டித் தூர்ந்து கிடப்பதையும் நடப்பவனே காண்பான்.

வெயில் கொடிதென்பாரும் உளர். தை மாதத்து விடியலிற் புறப்படின் அக்குறை இல்லை. பயிரை மிதியாது செல்லுதல் மட்டும் நம் கடன்.

நார்த்தாமலைமேல் நிற்கும் விசயாலய சோழீச்சுரம் 9ஆம் நூற்றாண்டினது. சாத்தன் பூதி எடுத்த அக்கற்றளி மழையால் இடிய, மல்லன் விடுமன் அதனைப் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறும். சிதைவைக் கண்டவன் செப்பனிட்டான். நம் ஊர் வரத்துக்கால்களைக் காணாத நாம் எதனைச் செப்பனிடுவோம்? ஆதலின், நண்பர்காள், நடப்போமாக.