நாடு அறிவோம்: எல்லோருக்கும் ஒரே மொழி... அப்புறம் ஏன் சண்டை?

'தோயே... சிரிரி...'

2015 நவம்பர் 29. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கி. அங்கிருக்கும் பேராலயத்தின் வாசலில் நின்ற போப் பிரான்சிஸ், இந்த இரண்டு வார்த்தைகளையும் எல்லோரையும் சொல்லச் சொன்னார். கூட்டமும் சொன்னது. அன்பு, அமைதி என்று அர்த்தம். மொழியின் பெயர் சாங்கோ.

அதே சாங்கோவில் 'செலேக்கா' என்றும் ஒரு வார்த்தை இருக்கிறது. கூட்டணி என்று பொருள். 2013 மார்ச்சில் பாங்கிக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்த ஆயுதக் குழுக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது!

ஆளுக்கொரு மொழி பேசுவதால்தான் ஆப்பிரிக்க நாடுகளில் அடிதடி என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் இந்த நாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தையும் மகாராஷ்டிராவையும் ஒட்டவைத்தால் எவ்வளவு பெரிதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பெரிய நாடு. ஆனால், மக்கள் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கபாயா, பண்டா இரண்டும் பெரிய இனங்கள். மண்ட்ஜா, சாரா, இங்பண்டி, ஸாண்டே என்று பட்டியல் நீளும். தென்மேற்கு மழைக்காடுகளில் வேட்டையாடி வாழும் அகா மக்களும் உண்டு. மொத்தம் 70-க்கும் மேற்பட்ட மொழிகள்.

இத்தனை மொழிக்கும் நடுவில், யாரும் யாரோடும் பேச முடிகிறது. காரணம், சாங்கோ. உபாங்கி ஆற்றங்கரையில் வாழ்ந்த இங்பண்டி மக்களின் மொழியிலிருந்து பிறந்தது இது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது படகோட்டிகள், சுமைதூக்கிகள், சிப்பாய்கள் வாயிலாகப் பரவியது. பல ஊர்க்காரர்கள் பேசிப் பேசி இலக்கணம் எளிமையானது. பிறகு பாதிரியார்கள் கையில் எடுத்தார்கள். கத்தோலிக்கர்கள் ஒரு விதமாகவும் புராட்டஸ்டன்ட்டுகள் வேறு விதமாகவும் எழுதிக்கொண்டிருந்தது தனிக்கதை. 1984-ல்தான் அரசு எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியது. 1991-ல் பிரெஞ்சுக்குச் சமமாக ஆட்சிமொழி அந்தஸ்தும் கிடைத்தது.

ஒரு நாட்டின் ஏறக்குறைய எல்லா மக்களும் பேசும் உள்ளூர் மொழி என்பது ஆப்பிரிக்காவில் அபூர்வம். இருந்தாலும் பள்ளிப் பாடம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான்.

சரி, மதம்? 2003 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 100 பேரில் 80 பேர் கிறிஸ்தவர்கள். அதிலும் புராட்டஸ்டன்ட்டுகளே அதிகம். முஸ்லிம்கள் 10 பேர். முன்னோர் வழிபாடும் தாயத்து நம்பிக்கையும் இரு தரப்பிலும் உண்டு. சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டி, பெண்களைச் சிறையில் அடைப்பது இன்றும் நடக்கிறது.

வடகிழக்கில் முஸ்லிம்கள் அதிகம். சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என எதுவும் ஒழுங்காக எட்டிப்பார்க்காத பகுதி அது. அந்தக் கோபத்தில்தான் செலேக்கா வளர்ந்தது. வைரமும் தங்கமும் கிடைக்கும் சுரங்கங்கள் மீது கண்ணும் இருந்தது. ஆட்சியைப் பிடித்த கையோடு கிராமங்களைக் கொள்ளையடித்து எரித்தார்கள். பதிலுக்கு 'ஆன்ட்டி பலாக்கா' என்ற கும்பல்கள் கிளம்பின. கழுத்து நிறைய தாயத்துக் கட்டிக்கொண்டு வந்த இவர்களைத்தான் உலகம் 'கிறிஸ்தவப் படை' என்று எழுதியது. 2013 டிசம்பரில் பாங்கி பற்றியெரிந்தது. செலேக்காவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வியாபாரிகளும், மாடு மேய்க்கும் ஃபுலானி குடும்பங்களும் வெட்டுப்பட்டார்கள். பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் கேமரூனுக்கும் சாடுக்கும் ஓடினார்கள். வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் பேசியது அதே சாங்கோதான்.

அந்த நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து நின்றார்கள். பாங்கியின் கத்தோலிக்கப் பேராயர் தியூதோனே இன்ஸபலைங்கா, இமாம் உமர் கோபின் லயாமா, பாதிரியார் நிக்கோலா கெரேகோயாமே. 'செலேக்கா இஸ்லாம் அல்ல, ஆன்ட்டி பலாக்கா கிறிஸ்தவம் அல்ல. இது பதவிக்கும் பணத்துக்குமான சண்டை' என்பதுதான் அவர்கள் ஊர் ஊராகச் சொன்ன செய்தி. கொலை மிரட்டல் வந்தபோது, இமாம் குடும்பத்தோடு தஞ்சம் புகுந்தது பேராயரின் வீட்டில்! ஒருநாள், இரண்டு நாள் அல்ல... மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்.

பேராலயத்துக்கு வந்த மறுநாள், போப் பிரான்சிஸ் 'பிகே 5' பகுதிக்குப் போனார். நகர மையத்திலிருந்து ஐந்தாவது கிலோமீட்டர் என்பதுதான் அந்தப் பெயரின் கதை. ஒரு காலத்தில் நகரமே சாமான் வாங்கிய சந்தை. அப்போது முஸ்லிம்கள் வெளியே வர முடியாத தீவாகச் சுருங்கிக்கிடந்தது. அங்கிருந்த கூதூக்கு மசூதிக்குள் சென்று, 'கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சகோதரர்கள்' என்றார். அடுத்த ஆண்டே இன்ஸபலைங்காவை கர்தினால் ஆக்கினார். அப்போது வயது 49. அந்த நேரத்தில் உலகிலேயே இளம் கர்தினாலாக இருந்தவர் அவர்தான். இமாம் லயாமா 2020 நவம்பரில் காலமானார்.

நாட்டின் இலச்சினையில் 'ஸோ குவே ஸோ' என்று சாங்கோவில் பொறித்திருக்கிறார்கள். மனிதர் எல்லோரும் மனிதரே என்று அர்த்தம். விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1959-ல் விமான விபத்தில் இறந்த தலைவர் பார்த்தலமி போகண்டா தந்த முழக்கம் அது. ஆனால் அங்கேயே பிறந்து, சாங்கோவே பேசி வளர்ந்த முஸ்லிம்களைப் பார்த்து 'நீ சாட் நாட்டுக்காரன்' என்று சொல்வது இன்னும் நின்றபாடில்லை. ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடு இடிந்துகிடக்கிறது. அடையாள அட்டைக்காக அலுவலகம் போனால், மற்றவர்களிடம் கேட்காத காகிதங்களை இவர்களிடம் கேட்கிறார்கள்.