ஊரையே பூட்டிக்கொண்ட கிராமம்!

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கிறது ஈம் என்ற சின்ன கிராமம். 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் நோயும் வந்து சேர்ந்தது. தப்பி ஓடினால் பக்கத்து ஊர்களுக்கும் நோய் பரவும். அதனால், பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சொன்னதை ஏற்று, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று 1666-ல் மக்கள் முடிவெடுத்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல் அருகே உணவை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் உள்ள குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவைப்பார்கள் ஈம் மக்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண், எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். மாம்பெசனின் மனைவியும் தப்பவில்லை. மொத்தம் சுமார் 260 பேர் இறந்தார்கள். ஆனால், பக்கத்து ஊர்கள் பிழைத்தன.

குழிகளோடு அந்த எல்லைக்கல் இன்றும் அங்கே இருக்கிறது!