கியர்பாக்ஸை இறக்கும் முன்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. "ஓவர்டிரைவ் விழவில்லை" என்று வண்டி வந்தால், ஸ்விட்சை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிடுகிறோம். எம்.ஜி.பி.யில் அப்படிச் சொன்னால் என்ஜினும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். டிரையம்ப் டி.ஆர். வரிசையில் சீட்டுகளையும் கியர்பாக்ஸ் மேல் மூடியையும் கழற்றி, வண்டியின் உட்புறமாகத் தூக்க வேண்டும். உரிமையாளருக்குப் பெருஞ்செலவு, நமக்கு நாள்கணக்கில் வேலை. கோளாறோ பல வேளைகளில் வெளியிலேயே இருக்கிறது. அளவெடுத்து எழுதிவைக்காமல் ஓவர்டிரைவுக்காக எந்த கியர்பாக்ஸையும் இறக்கக் கூடாது என்பதே இந்த இதழின் வேண்டுகோள்.

எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து, ஷெஃபீல்டில் லேகாக் நிறுவனம் தயாரித்த இந்த ஓவர்டிரைவின் வேலை எளிமையானது. சாதாரண ஓட்டத்தில் ஸ்பிரிங்குகள் கோன் கிளட்சைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும். உள்ளிருக்கும் அத்தனையும் ஒரே உருளையாகச் சுற்றும். ஸ்விட்சைப் போட்டதும் சோலினாய்டு வால்வைத் திறக்கிறது. ஆயில் அழுத்தம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ளுகிறது. கோன் முன்னால் நகர்ந்து பிரேக் வளையத்தில் அழுந்த, சன் கியர் நின்றுபோகிறது, வெளித்தண்டு வேகமெடுக்கிறது. பிந்தைய எம்.ஜி.பி.யின் விகிதம் 0.82. நான்காம் கியரில் என்ஜின் 3,000 சுற்று சுற்றினால் வெளித்தண்டு ஏறக்குறைய 3,660 சுற்று சுற்றும். ஆக, பார்க்க வேண்டியவை மூன்று: மின்சாரம், ஆயில் அழுத்தம், கோனின் பிடி. இவற்றில் முதல் இரண்டையும் வண்டிக்கு அடியில் படுத்தே சோதித்துவிடலாம்.

ஆயிலில் தொடங்குங்கள். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான். மட்டம் குறைந்தால் கியர்பாக்ஸ் சமாளிக்கும். ஓவர்டிரைவ் பம்ப் காற்றை இழுக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் எதையும் ஊற்றவே கூடாது. கோன் பிடிப்பதே உராய்வினால்தான். கையேடு சொல்லும் ஆயிலை ஊற்றி, வடிகட்டியைக் கழற்றிக் கழுவிய பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நாம் அதிகம் தடுமாறுவது மின்சாரத்தில்தான். ஏ வகை, டி வகை ஓவர்டிரைவுகளின் சோலினாய்டுக்குள் இரண்டு காயில்கள் உண்டு. இழுக்கும் காயில் 15 முதல் 20 ஆம்பியர் வரை குடிக்கும். பிளஞ்சர் முழுதாக உள்ளே போனதும் ஒரு சிறு தொடர்பு அதை வெட்டிவிட, பிடித்துவைக்கும் காயில் மட்டும் ஒன்றிரண்டு ஆம்பியரில் வேலை செய்யும். இந்தச் சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் பல்பை வைத்துப் பார்ப்பது நம் பழக்கம். பல்புக்குத் தேவை இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. அது பிரகாசமாகவே எரியும். ஆனால் கரிந்துபோன ரிலே முனையிலோ துருப்பிடித்த எர்த் இணைப்பிலோ 0.3 ஓம் தடை இருந்தால் போதும். 17 ஆம்பியர் இழுக்க வேண்டிய காயிலுக்கு 12 ஆம்பியர்தான் கிடைக்கும், அதன் முனையில் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8.4 வோல்ட்தான் நிற்கும். பிளஞ்சர் பாதி வழியில் திணறும்.

எனவே அம்மீட்டரைத் தொடரில் இணைத்துப் பாருங்கள். என்ஜினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து ஸ்விட்சைத் தட்டுங்கள். முள் 15-க்கு மேல் துள்ளி உடனே ஒன்றிரண்டுக்கு இறங்கினால் மின்பக்கம் சரி. அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கியர்பாக்ஸ் மேலுள்ள தடை ஸ்விட்ச், வயர் என்று வரிசையாகப் போங்கள். முள் மேலேறி அங்கேயே நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். பிளஞ்சர் கடைசி வரை போகவில்லை, காயில் வெந்துகொண்டிருக்கிறது.

எரிந்த சோலினாய்டுகளில் பலவும் இப்படித்தான் எரிந்தவை. புதியதை மாட்டி அனுப்புகிறோம், அதுவும் எரிகிறது. வால்வு லீவரின் அமைப்பு தவறாக இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. லீவரில் 3/16 அங்குலத் துளை ஒன்று இருக்கிறது. சோலினாய்டு இழுத்த நிலையில் அது உறையிலுள்ள துளைக்கு நேராக வர வேண்டும். அதே அளவு டிரில் பிட்டின் காம்பைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் சோலினாய்டு மாற்றுவது வேலையே ஆகாது. எல்.எச்., ஜே வகைகளில் லீவர் கிடையாது. சிறிய சோலினாய்டு நேரடியாக வால்வை இயக்கும். அங்கே எர்த்தும் வால்வின் ரப்பர் வளையங்களும்தான் கவனிக்க வேண்டியவை.

அழுத்தத்துக்கு கேஜ் மாட்டுங்கள். குளிர்ந்திருக்கும்போது விழுந்து, சூடேறியதும் விழாமல் போனால், ஆயில் இளகி எங்கோ கசிகிறது என்று பொருள்: பம்ப் வால்வின் இருக்கை, பிஸ்டன் வளையம், கீறல் விழுந்த வால்வுப் பந்து. திறக்கும் முன், என்ஜின் ஓடாத நிலையில் ஸ்விட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டு அணைத்து, தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். கேஜில் அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் மட்டுமே சந்தேகம் கோன் மீது விழ வேண்டும்.

விழாத ஓவர்டிரைவைவிட, விடாத ஓவர்டிரைவ் ஆபத்தானது. ரிவர்ஸ் எடுத்தால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்சின் உருளைகள் இறுகும். கோனோ சன் கியரைப் பிடித்தபடியே இருக்கும். ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். விடவில்லை என்று உரிமையாளர் தொலைபேசியில் சொன்ன கணமே, "ரிவர்ஸ் போடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். பட்டறைக்குள்ளும் வண்டியைப் பின்னால் தள்ளாதீர்கள். காரணம் பெரும்பாலும் சிறியதுதான்: வால்வுத் தண்டிலுள்ள நுண்துளையில் அழுக்கு, தவறான லீவர், அல்லது ஒட்டிக்கொண்ட கோன். கடைசியதற்குப் பிரேக் வளையத்தின் மீது தோல் சுத்தியால் நாலு தட்டு தட்டினாலே போதுமானதாக இருக்கும்.

ஒவ்வொரு ஜாப் கார்டிலும் இனி நான்கு வரிகள் இருக்கட்டும்: ஆயில் மட்டமும் வகையும், சோலினாய்டின் இழுப்பு ஆம்பியரும் பிடிப்பு ஆம்பியரும், லீவர் அமைப்பு, சூடான நிலையில் அழுத்தம். இந்த நான்கும் நிரம்பிய பிறகும் இறக்க வேண்டியிருந்தால், தயங்காமல் இறக்குங்கள். அப்போது எதைத் தேடி இறக்குகிறோம் என்பது நமக்குத் தெரியும். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது உரிமையாளருக்கும் தெரியும். தொழில் கற்க வரும் பிள்ளைகளுக்கு ஸ்பேனரைக் கொடுக்கும் முன் மீட்டரைக் கொடுப்போம்.