முதல் அறுப்புக்குப் பொறுத்திருங்கள்



என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தினமும் பிந்தித்தான் வருவான். வந்து உட்கார்ந்ததும் தூங்கி விழுவான். ஒருநாள் மாலை ஜுருவில் இருக்கும் அவன் வீட்டுக்கே போய்விட்டேன்.

"என்ன செய்வது வாத்தியாரே! இரண்டு பால்மாடு நிற்கிறது. முன்பு பால்மரக் காட்டில் அவிழ்த்துவிட்டால் மேய்ந்துவிட்டு வரும். இப்போது காடும் இல்லை. சாலையோரப் புல்லுக்கு மருந்து அடித்துவிடுகிறார்கள். விடியும் முன்னே தூரமாகப் போய் அறுக்க வேண்டியிருக்கிறது. பையன்தான் துணை" என்றார் தகப்பனார்.

"புல்லைத் தேடிப் போவதைவிட நட்டுவிட்டால் என்ன, அண்ணே?" என்றேன். அவர் மைத்துனருக்கு ஆற்றுப் பக்கம் கால் ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது.

நடுவதற்கு ஏற்றது கம்பும் நேப்பியர் புல்லும் கலந்து பிறந்த ஒட்டுப்புல். நம் பக்கம் 'கிங் கிராஸ்' என்பதும் இந்தக் குடும்பம்தான். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாதல்லவா? அதுபோல் இதில் முளைக்கும் விதை கிடையாது. கரணைதான் நட வேண்டும். அதனால் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கலாம். மாவட்டக் கால்நடை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

முற்றிய தண்டை இரண்டு கணு இருக்கும்படி வெட்டுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர். கால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,300 கரணை பிடிக்கும். ஜுரு தாழ்ந்த நிலம். நீர் தேங்கினால் கரணை அழுகிவிடும். ஆகவே வரப்பு உயர்த்தி, அதன் மேல் நட்டு, வடிகால் வெட்டுங்கள். அடியுரம் மக்கிய சாணம். மூன்றாம் வாரம் களை பறித்து மண் அணையுங்கள்.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ-4 என்னும் ரகம், நீரும் உரமும் குறையாமல் இருந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை தரும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அதில் பாதி கிடைத்தாலும், கால் ஏக்கரில் நாளுக்கு 50 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பசும்புல் வேண்டும். இரண்டு மாட்டின் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆனால் முதல் அறுப்புக்கு 75 நாளாவது பொறுக்க வேண்டும். அதற்குள் வேர் இறங்கித் தூர் கட்டும். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுத்து, ஒவ்வோர் அறுப்புக்கும் சாணம் இடலாம். மாட்டை உள்ளே மேயவிடக் கூடாது. புல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, கொஞ்சம் அகத்திக் கீரையும் கலந்து போடுங்கள். புல்லில் குறைகிற புரதம் அதில் கிடைக்கும்.

நம் அண்ணன் பொறுக்கவில்லை. 40ஆம் நாளே ஒரு மூலையை அறுத்துவிட்டார். அந்த மூலை இன்றும் சோகையாய்த்தான் நிற்கிறது. பொறுத்திருந்து அறுத்த இடமோ ஆள் உயரம்.

"அவசரப்பட்டுவிட்டேன், வாத்தியாரே" என்றார்.

"புல்லுக்குப் பரவாயில்லை அண்ணே, வேறு கரணை நட்டுக்கொள்ளலாம். பிள்ளையை ஐந்தாம் ஆண்டிலேயே அறுத்துவிட்டால் திரும்ப நட முடியுமா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

இப்போது பையன் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுகிறான். மாட்டுக்குப் புல் வீட்டருகே. அவனுக்குத் தூக்கம் வீட்டில்.