படுக்க இடம் கொடுத்தால் போதுமா?

தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றி ராத்திரி துண்டை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது "பிச்சைக்காரர்கள்" என்றுதான். ஆனால் பெருநகரங்களில் நடைபாதையில் தூங்குகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் உழைப்பவர்கள். சித்தாள் வேலை, மூட்டை தூக்குவது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது... 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். இவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா என்ன?

சம்பாதிக்கிறார்கள் என்றால் ஏன் ஒரு அறை எடுத்துத் தங்கக் கூடாது? நியாயமான கேள்விதான். சென்னையில் வாடகையை விடப் பெரிய சுவர் அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் பழக்கம். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று சொன்னாலும் புரோக்கர்கள் கேட்பது வேறு கணக்கு! அன்றாடக் கூலி வாங்குபவர் தினமும் ஐம்பது, நூறு என்று சேர்த்தாலும், அந்தப் பணத்தை எங்கே வைப்பது? தலைக்கு அடியில் வைத்தால் காலையில் இருக்காது. வங்கியில் போட முகவரி கேட்பார்கள்.

சரி, அரசே வீடு கொடுத்தால்? கொடுத்துப் பார்த்தாயிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தென் சென்னையின் ஓரத்தில் வரிசையாகக் குடியிருப்புகள். பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. கூரை கிடைத்தது, ஆனால் நகருக்குள் வீட்டுவேலை பார்த்த பெண்களுக்கு பஸ் செலவும் நேரமும் கட்டுப்படியாகாமல் வேலை போனது. வேலை பார்க்கும் இடத்தில் வீடு இருந்தால்தானே சொந்தக் காலில் நிற்க முடியும்?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, மனநோயால் வீடிழந்த பெண்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. விடுதியில் வைத்துச் சோறு போடுவதோடு நிற்காமல், 2015-ல் 'ஹோம் எகெயின்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பம் மாதிரி வாழ்வார்கள், உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். தானே சமைத்து, தானே கடைக்குப் போய்... நோயோடு இருப்பவர்களுக்கே இது முடிகிறது என்றால், கை கால் நன்றாக இருந்து தினமும் வேலைக்குப் போகிறவருக்கு முடியாதா?

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. காப்பகம் கட்டட்டும், அது வேண்டும்தான். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமே லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்க இடம் வேண்டும் என்று சொன்னது. ஆனால் காப்பகத்திலிருந்து வெளியே போக ஒரு கதவும் வேண்டுமே! ஆறு மாதம் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு அட்வான்ஸ் தொகையை மாநகராட்சி கடனாகத் தரலாம். "காசைக் கொடுத்தால் குடித்துவிடுவான்" என்று சொல்பவர்கள் பயப்பட வேண்டாம். பணத்தை நேராக வீட்டு உரிமையாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். அட்வான்ஸ் என்பது செலவாகிப் போகும் பணமும் அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது அது திரும்பி வரும், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.