ஊர்ச் சாக்கடையும் ஆற்று மீனும்

குற்றால மலையில் சாரல் விழத் தொடங்கியவுடன், சிற்றாற்றின் கால்களிலும் குளங்களிலும் வந்து சேரும் புதுத் தண்ணீரை எதிர்த்து மீன்கள் ஏறிவருவதைத் தென்காசி வட்டாரத்துக் குடியானவர்கள் சிறு வயது முதற்கொண்டே கண்டிருப்பார்கள். கெண்டையும் கெளிறும் ஆரலும் மடைவாயிலும் மறுகாலிலும் துள்ளி ஏறும் அந்த நாட்களே அவற்றுள் பல இனங்கள் முட்டையிட்டுப் பெருகுங் காலமாகும். ஆனால், கோடை முழுவதும் ஊர்ச் சாக்கடைகளில் தேங்கிப் புளித்துக் கிடந்த சகதியை வாரிக்கொண்டு வந்து கால்வாயில் தள்ளுவதும் அதே புதுத் தண்ணீரே. மீன் ஏறும் நாளும் சாக்கடை இறங்கும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டு, ஊர் வடிகால்களை நாம் நடத்திவரும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

சிற்றாறு குற்றால மலையிற் பிறந்து, தென்காசியைத் தொட்டு, அடுத்தடுத்து அமைந்த அணைக்கட்டுகளின் வழியே குளங்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. அங்கிருந்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. மலையருவிக்கும் பவளப்பாறைக்கும் இடையே ஒரே நீர்வழி இருப்பதை இதனால் அறியலாம். நம் ஊர் முச்சந்தியில் கொட்டப்படும் குப்பையும், விடுதியின் பின்புறத்துக் குழாயிலிருந்து வழியும் அழுக்கு நீரும், இவ்வழியைத் தவிர வேறு வழி அறியா.

மீன் குறைந்தால் நிலமுடையோருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவருண்டு. குளத்து மீன்பாசி ஏலத்தால் ஊருக்கு வரும் வருமானம் ஒருபுறமிருக்க, வயலிலும் வாய்க்காலிலும் திரியும் சிறு மீன்கள் கொசுப்புழுவைத் தின்று நம் வீட்டுக் குழந்தைகளைக் காய்ச்சலினின்றும் காக்கின்றன. எல்லாவற்றினும் முக்கியமாக, மீன் என்பது நீரின் குணத்தைக் காட்டும் சாட்சி. கெண்டையும் அயிரையும் வாழும் நீர் பயிருக்கும் மாட்டுக்கும் பெரும்பாலும் ஏற்ற நீர். அவை மறைந்து, ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் புரளும் நீரைக் கண்டால் அது கெட்டுவிட்டதென்று கொள்ளலாம். வளர்க்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் தடை செய்துள்ள அம்மீன், மேற்பரப்பிற்கு வந்து காற்றையே உட்கொள்ள வல்லதாதலால் சாக்கடையிலும் தழைத்து, மற்ற மீன்குஞ்சுகளை விழுங்கிவிடுகிறது.

சாக்கடை நீர் மீனைக் கொல்லும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். அதிலுள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று கரைக்கின்றன. அவ்வேலைக்கு நீரிற் கரைந்துள்ள பிராணவாயு செலவாகிறது. பெரும்பாலான மீன்கள் நலமாய் வாழ லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவு பிராணவாயு நீரில் இருத்தல் நலம். குளிப்பதற்குரிய ஆற்று நீரில் அழுக்கின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. வீட்டுக் கழிவுநீரிலோ அத்தேவை 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆகவே ஒரு குடம் சாக்கடை நீரை அந்த அளவுக்குத் தணிக்க, அறுபது முதல் நூறு குடம் சுத்தமான நீர் வேண்டும். ஆடி மாதத்துச் சிற்றாற்றில் அவ்வளவு நீர் ஓடக்கூடும். பங்குனி மாதத்துக் கால்வாயில் அது ஏது? குளத்தில் அழுக்கு சேர்ந்து பாசி மிகுந்துவிட்டால், பகலில் பிராணவாயுவை வெளியிடும் அப்பாசியே இரவில் அதனைத் தானும் உட்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், சூரியோதயத்திற்குள் செத்து மிதப்பதும் இதனாலேயே. விஷம் வைத்துவிட்டார்களென்று அயலாரைச் சந்தேகிக்குமுன், குளத்தின் தலைமடைக்கு மேலே எந்த ஊரின் வடிகால் வந்து சேருகிறதென்று பார்ப்பது நல்லது.

“சாக்கடை நீர் உரமல்லவா? காசு கொடுக்காமல் கிடைக்கும் தழைச்சத்தை ஏன் தடுக்க வேண்டும்?” என்று அனுபவசாலிகளான மிராசுதார்களே கேட்கிறார்கள். இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. சாக்கடை நீரில் சத்து உண்டு. ஆனால் வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு இடுவதே உரம். கதிர் பிடிக்குங் காலத்திலும் ஓயாமல் தழைச்சத்துப் பாயுமானால் நெல் வெறுந்தழையாய் வளர்ந்து சாய்கிறது. குலைநோயும் பூச்சியும் எளிதில் பற்றுகின்றன. சோப்பு முதலியவற்றிலுள்ள உப்பு களிமண் நிலத்தை இறுகச் செய்கிறது. பிளாஸ்டிக் பைகள் மடைக்கண்ணை அடைக்கின்றன. வயலில் இறங்கி நடவு செய்யும் பெண்களின் காலில் சொறியும் புண்ணும் உண்டாகின்றன. இந்த நஷ்டங்களையெல்லாம் கணக்கிட்டால், காசில்லாமற் கிடைத்த உரம் மிகவும் விலையேறிய உரமாகவே முடியும்.

கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கல்கத்தா நகரத்துக்குக் கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களில் அந்நகரத்துச் சாக்கடை நீரை ஆழமில்லாத ஏரிகளில் விட்டு, மீனும் காய்கறியும் நெல்லும் விளைவித்து வருகிறார்கள். ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கே அழுக்கு நீரை நேரே மீனின் மேல் விடுவதில்லை. முதலில் அது தேங்கி நின்று, சகதி அடியிற் படிந்து, வெயில் பட்டுப் பாசி வளர்ந்து தெளிந்த பிறகே மீன் விடுகிறார்கள். நாம் கற்கவேண்டுவது அந்த இடைநிலையைத்தான். தேங்கித் தெளிய இடங்கொடாமல், சாக்கடையை ஓடும் காலில் நேரே இறக்குவதற்குக் கல்கத்தாவை மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

நம்மிடையே வேரூன்றிய எண்ணம் இன்னொன்றுண்டு. கடலில் விழும் நீரெல்லாம் வீண் என்பதே அது. இதனால், கடலுக்குப் போகும் நீர் எப்படிப் போனாலென்ன என்ற அலட்சியமும் கூடவே வளர்ந்துவிட்டது. நம் குளங்களில் அகப்படும் விலாங்கு கடலிற் பிறப்பது. அதன் குஞ்சுகள் கழிமுகத்தில் நுழைந்து, அணைக்கட்டுகளின் ஈரக்கல்லைப் பற்றி ஏறி, ஆண்டுக்கணக்காக நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே திரும்புகின்றன. ஆற்று இறாலின் குஞ்சுகளுக்கோ கழிமுகத்து உவர்நீர் வேண்டும். மடவையும் கொடுவாயும் கடல் இறாலும் இளமையில் கழிமுகத்திலேயே இரை தேடி வளர்கின்றன. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையிலுள்ள தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதியைச் சர்க்கார் 1986-ஆம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். அங்குள்ள பவளமும் கடற்புல்லும் தெளிந்த நீரையும் சூரிய வெளிச்சத்தையும் நம்பி வாழ்பவை. சேறும் மிகையான சத்தும் வந்து சேர்ந்தால் பாசி அவற்றை மூடிவிடும். ஆதலின் கடலுக்கு அளவான நீர் போவது வீணன்று. அழுக்கான நீர் போவதே வீண், அதிலும் பாவம். புன்னைக்காயலில் வலை வீசுபவரும், தாமிரபரணி நீரைக் குடிக்கும் தூத்துக்குடி நகரத்தாரும் நமக்குக் கீழ்மடைக்காரர்கள். கீழ்மடைக்கு உரிய நீரை மறிப்பது எப்படி வழக்கத்துக்கு விரோதமோ, அப்படியே கெடுத்து அனுப்புவதும் விரோதமென்று கொள்ள வேண்டும்.

தென்காசி நகரின் நிலை ஒருவகை; குற்றாலத்தின் நிலை வேறு. குற்றாலத்தில் ஆனி முதல் ஆவணி வரையிலும், மறுபடி ஐயப்பன் மாலையணிந்தவர்கள் வரும் கார்த்திகை, மார்கழியிலும் ஊரின் ஜனத்தொகைக்குப் பன்மடங்கான கூட்டம் வந்து தங்கிச் செல்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றை உபயோகிக்கலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ஆம் ஆண்டில் தடை விதித்தது. நல்ல உத்தரவுதான். ஆயினும் அருவிக்கரையில் கையை விட்டுப் பிடுங்கப்பட்ட சோப்பு, விடுதியின் குளியலறையில் தாராளமாகக் கரைந்து பின்புறத்து ஓடை வழியே அதே ஆற்றைச் சேருமானால் மீனுக்கு என்ன லாபம்? உத்தரவு அருவிக்கரையோடு நின்றுவிடாமல் வடிகாலையும் பின்தொடர வேண்டும்.

இதற்கு என் யோசனைகள் பின்வருமாறு.

முதலாவது, பாசனக் காலையும் சாக்கடையையும் கணக்கிலும் நடப்பிலும் பிரிக்க வேண்டும். வீடுகள் பெருகியபின் ஊருக்குள் ஓடும் கால்களைச் சாக்கடையென்றே அழைப்பது பழக்கமாகிவிட்டது. பெயர் மாறினால் மதிப்பும் மாறிவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் தம் புலப்படத்தில், எந்தக் காலில் எத்தனையாவது புல எண்ணருகே எத்தனை குழாய்கள் வந்து விழுகின்றன என்பதைக் குறித்து, ஆண்டுதோறும் சித்திரையில் ஒருமுறை சரிபார்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. எண்ணாத தீமை தீராது.

இரண்டாவது, நகராட்சியாரும் பேரூராட்சியாரும் வடிகால்களைச் சாரலுக்கு முன், அதாவது வைகாசி முடிவதற்குள், தூர்வார வேண்டும். வாரிய சகதியைக் கரையிலேயே குவித்துவைத்தால் முதல் மழையே அதனை மீண்டும் உள்ளே இறக்கிவிடும். ஆகையால் அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே, மீன் ஏறும் நாளில் சாக்கடை இறங்கும் கேட்டிற் பெரும்பகுதி நீங்கும். இதனால் வெள்ளச் சேதமும் குறையும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பதிவானதையும், தாமிரபரணிப் பாசனத்திற் குளங்கள் உடைந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது, ஒவ்வொரு வடிகாலும் காலிற் சேருமுன், இடமுள்ள விடத்தில் ஒரு தெளிவுக்குட்டையும், அதையடுத்துச் சம்பும் கோரையும் வளர்ந்த சிறு படுகையும் அமைத்தல் வேண்டும். வாயிலில் இரும்புச் சல்லடை இருந்தால் பிளாஸ்டிக் தங்கும். குட்டையிற் படியும் வண்டலை ஆண்டுக்கொருமுறை வாரி, சாயமும் மருந்தும் தொழிற்சாலைக் கழிவும் கலவாததென்று சோதித்தறிந்து, உலர்த்தி மக்கவைத்தால் உணவல்லாத மரப்பயிர்களுக்கு எருவாகும். நகரம் முழுவதற்குமான சுத்திகரிப்பு நிலையத்திற்கு இது ஈடாகாது. எனினும் பெருந்திட்டம் நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிராமல், பாசன சங்கங்களே செய்துகொள்ளக்கூடிய காரியம் இது.

நான்காவது, காலின் அடியையும் இரு பக்கங்களையும் சிமெண்டால் மூடுவதே சீர்திருத்தம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். கசிவு மிகுந்த இடங்களில் அது அவசியமாயிருக்கலாம். மற்ற இடங்களில் மண்ணடியும் கரைப்புல்லும் மர நிழலுமே மீனுக்கு வீடு. தூர்வாரும்போது ஆங்காங்கே ஆழமான கசங்களை விட்டுவைத்தால், கோடையில் தாய்மீன்கள் அவற்றில் தங்கிப் பிழைத்து மறு ஆண்டு பெருகும். சிறு தடுப்பணைகளின் கீழ்ப்புறம் கரடான கற்களைச் சரிவாக அடுக்கிவைத்தால், மீனும் விலாங்குக் குஞ்சும் ஏற வழியுண்டாகும்.

ஐந்தாவது, குற்றம் நகரத்தாருடையது மட்டுமன்று. புதுத் தண்ணீர் வந்த முதல் இரண்டு வாரம் மறுகாலிலும் மடையிலும் கொசுவலை கட்டிச் சினைமீனைப் பிடிப்பவர் நம்மவரே. மருந்தடித்த டப்பாவைக் காலிற் கழுவுபவரும் நம்மவரே. இவ்விரண்டையும் ஊர்க்கூட்டத்தில் தடுத்த பின்னரே நகரத்தாரை நோக்கி நாம் வாய் திறத்தல் முறையாகும்.

கெட்ட ஆறு திருந்துமா என்று ஐயுறுபவர்களுக்கு ஓர் உதாரணம் கூறி முடிக்கிறேன். லண்டன் மாநகரின் தேம்ஸ் நதியை, 1957-ஆம் ஆண்டில் அந்நகரத்து இயற்கைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த அறிஞர்கள் உயிரற்ற நதியென்று கூறினர். சாக்கடையைச் சுத்திகரித்து விடும் ஏற்பாடுகள் சீர்படுத்தப்பட்டபின், 1974-இல் அதே நதியில் சால்மன் மீன் மறுபடியும் காணப்பட்டது. சிற்றாறு அந்நிலைக்குத் தாழ்ந்ததன்று; அதற்கு இன்னும் மலையிலிருந்து தெளிந்த நீர் வருகிறது. உலகில் வேறெந்த ஆற்றுக்கும் இயல்பாக உரியதல்லாத ஒருவகைக் கெண்டை, தாமிரபரணியின் பெயராலேயே 1954-இல் டாக்டர் சைலஸ் அவர்களால் விஞ்ஞான உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய செல்வத்தைக் காப்பதற்கு நாம் செய்யவேண்டுவது, வருகிற வைகாசியில் மண்வெட்டியுடன் முதல் வடிகாலின் வாயில் போய் நிற்பதே. சாரல் நமக்காகக் காத்திராது.