வினாக்குறியான பெயர்கள்

ஒருவனுக்கு வேறு உடைமை யாது குறையினும் பெயர் அவனுடையதே. அதனைப் பிழையறப் பொறித்து வைத்தல் ஏடு காப்போர் கடனாம். இஃது ஓலைக்கு மட்டும் உரிய அறமன்று. கணினித் தரவுத்தளத்திற்கும் உரியதே என்பதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இயங்கத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியில் ஆலைகள் பல பெருகின. அவ்வழியிலுள்ள ஆலையொன்றில் உழைக்கும் எம் உறவினர் ஒருவரது ஊதியச் சீட்டைச் சென்ற விடுமுறையிற் கண்டோம். நான்கெழுத்தாலாகிய அவர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஏழு வினாக்குறிகள் நின்றன. நான்கு ஏழானது எங்ஙனம்? எடுத்துக்காட்டாக, 'முருகன்' என்னும் பெயரை யூனிகோடு முறை ம, உகரக்குறி, ர, உகரக்குறி, க, ன, புள்ளி என ஏழு எண்களாக வைக்கும். தமிழறியாக் குறியேற்றத்தைக் கொண்ட சர்வரோ ஒவ்வொன்றற்கும் ஒரு வினாக்குறி இட்டு ஒழியும்.

இஃது ஊழின் செயலன்று, அமைப்பின் குறையே. மைஎஸ்க்யூஎல் என்னும் பெயர்பெற்ற தரவுத்தளம் சுவீடன் நாட்டிற் பிறந்தது. 2018-இல் வெளிவந்த அதன் எட்டாம் பதிப்புக்கு முன்னர், வேறு கட்டளை இல்லாவிடத்து, லத்தீன்-1 குறியேற்றத்தையும் சுவீடிய அகரவரிசையையுமே அது மேற்கொண்டது. அதில் 'யூடிஎஃப்8' எனப் பெயர் தாங்கி நின்றதும் எழுத்தொன்றற்கு மூன்று பைட்டே அளிப்பது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆயின் 2019-இல் யூனிகோடு ஏற்றுக்கொண்ட முந்திரி, காணி, மா முதலிய பழம் பின்னக்குறிகட்கு நான்கு பைட்டு வேண்டும். பழைய நிலக்கணக்கை உள்ளவாறே ஏற்ற விழைவோர்க்கு 'யூடிஎஃப்8எம்பி4' என்பதே தக்கது. சர்வர், அட்டவணை, அவற்றை அணுகும் நிரலின் தொடர்பு ஆகிய மூன்றும் அதனையே கொள்ளல் வேண்டும். ஒன்று பிறழினும் எழுத்துக் கெடக்கூடும். வினாக்குறியாய்ப் பதிந்துவிட்ட பெயரைப் பின்னர் அமைப்பைத் திருத்தி மீட்டல் இயலாது. ஆதலின் முதல்நாளே விழிப்பு வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் என்னும் பெயரே மற்றொரு பாடம். அதன் முதலெழுத்தை ஸகரங்கொண்டும் அமைக்கலாம். 2005-இல் யூனிகோட்டிற் சேர்ந்த ஶகரங்கொண்டும் அமைக்கலாம். கண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. ஒரு வடிவை விதித்து, பதியும்போதே மற்றதனை அதுவாக மாற்றாவிடின், ஓரூரார் ஈரூராராய்ப் பிரிவர்.

ஆங்கில எழுத்திற் பெயரை வைத்தாற் போதாதோ என்பார் உளர். போதாது. அவ்வெழுத்தில் வள்ளியும் வல்லியும் ஒருத்தியே ஆவர். ஒருத்தியின் சேமிப்பு மற்றொருத்தியின் கணக்கிற் சேருமாயின், அவ்விழப்பை யார் ஈடுசெய்வார்?

மாணவ நண்பர்களே, உயிர்மெய்யும் புள்ளியும் பயின்ற நாம் இதனைக் கணினித்துறையார் பாடென ஒதுங்குதல் தகாது. அத்துறைத் தோழரோடு ஒருங்கமர்ந்து, நம் எழுத்தின் இயல்பை அவர்க்கு உணர்த்துவோம். அவர்பால் சர்வரின் இயல்பை அறிவோம். உழைப்பவன் பெயர் அவன் கூலிச்சீட்டில் அவன் மொழியிலேயே முழுமையாய் விளங்குக!